வதந்தியும் விசாரணையும்

மஸ்ஜித் இந்தியா சாலையில் காலையில் பிறக்கும் ஒரு பேச்சு, பகல் சாப்பாட்டு வேளைக்குள் பிரிக்பீல்ட்சைத் தாண்டி, விளக்கு வைக்கும் நேரத்தில் கிள்ளானுக்கும் அதற்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முன்பெல்லாம் அது பஸ் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கவும், நகையை அடகு வைக்கவும் பட்டணம் வந்த தோட்டத்து மக்கள், கேட்ட சங்கதியை மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் மறுநாள் பெரட்டுக் களத்தில் அவிழ்த்தார்கள். இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் தொலைபேசி இருக்கிறது. மங்கைத் துடைத்து வைக்கும் நேரத்திற்குள் நாலு பேர் குரலில் நாலு விதமாக அதே சங்கதி வந்து விழுகிறது.

2024 ஆகஸ்டு 23-ஆம் தேதி அதே மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, ஆந்திரத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு மாது சுமார் 8 மீட்டர் ஆழத்தில் விழுந்து மறைந்தார். ஒன்பது நாள் தேடினார்கள். சடலமும் கிடைக்கவில்லை, தேடுதல் நிறுத்தப்பட்டது. தேடிய ஒன்பது நாளும் அந்தத் தெருவில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. விழுந்தது விபத்தல்ல என்பாரும், அரசாங்கம் எதையோ மறைக்கிறது என்பாரும், பூமிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று பலி கேட்டது என்பாரும் இருந்தனர். மழை நீரும் கழிவு நீரும் மண்ணை அரித்தால் தெரு உள்வாங்கும் என்ற எளிய காரணத்தைக் கேட்கத்தான் ஆளில்லை.

இதைக் கேட்டுச் சிரிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. பாலம் கட்ட மனிதத் தலை வேண்டுமாம், அதற்காகப் பிள்ளை பிடிக்கிறவன் தோட்டத்துப் பக்கம் சுற்றுகிறானாம் என்று நம் லயங்களில் ஒரு காலத்தில் எத்தனை இரவு கதவடைத்துக் கிடந்தோம் என்பது மூத்த தொழிலாளர்களுக்குத் தெரியும். அது குழந்தைகளைப் பயமுறுத்தும் கதையோடு நிற்குமானால் குற்றமில்லை. நிற்பதில்லை என்பதே சங்கடம். 2018 மே மாதத்தில் தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போன ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று தொலைபேசியில் செய்தி பறந்தது. ஊர் திரண்டு அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் மாண்டார். அந்தக் காரில் நம் மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் இருந்தார்கள். அடித்தவர்கள் கொள்ளையர் அல்லர். தத்தம் பிள்ளைகளைக் காப்பதாக உறுதியாக நம்பியவர்கள்.

தொழிற்சங்கப் பத்திரிகைக்குச் சம்பள விவகாரமும் போனஸ் விவகாரமும் இருக்க, போலீசும் வதந்தியும் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வதந்தி என்னும் கடனை இறுதியில் அடைப்பவன் உழைப்பாளியே. கூட்டத்தோடு ஓடிப் போனவன் பிடிபடுகிறான். நாலு நாள் லாக்கப்பில் கிடக்கிறான். நாலு நாள் பேர் இல்லை. வேலையே போனாலும் போய்விடுகிறது. வதந்தியைக் கிளப்பியவர் யாரென்றே ஒருவருக்கும் தெரியாது. ஆகவே இது சம்பள விவகாரந்தான்.

சீபீல்டு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். அது நம்முடைய இடம். இன்றைய சுபாங் ஜெயா நகரம் எழுந்திருப்பது சீபீல்டு ரப்பர் தோட்டத்து மண்ணில். யூ.எஸ்.ஜே. என்று வாய்நிறையச் சொல்கிறார்களே, அதன் முதலெழுத்துக்குள் ஒளிந்திருக்கும் நிறுவனப் பெயரிலேயே 'எஸ்டேட்' என்ற சொல் இருக்கிறது. மரம் போயிற்று, லயம் போயிற்று, தொழிலாளி போனான். அவன் கட்டிய மாரியம்மன் கோயில் மட்டும் யூ.எஸ்.ஜே. 25-இல் நின்றது. நிலம் கைமாறி வழக்காகி, கோயிலை வேறிடத்துக்கு மாற்ற 2014-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் சமரசத் தீர்ப்பும் ஆயிற்று. கோயில் நிர்வாகத்துக்குள்ளேயே இரு தரப்பு இருந்ததால் அந்தத் தீர்ப்பு நிறைவேறாமல் இழுபட்டது.

2018 நவம்பர் 26-ஆம் தேதி விடியுமுன் இருட்டில் ஒரு கும்பல் கோயிலுக்குள் புகுந்தது. உள்ளிருந்தவர்களுக்கு அடி, இரத்தம். பொழுது விடிவதற்குள் நாடெங்கும் பரவிய செய்தி என்ன? "முஸ்லிம்கள் வந்து கோயிலை உடைக்கிறார்கள்" என்பதுதான். நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில் நம் இளைஞர்கள் அங்கே திரண்டார்கள். வாகனங்கள் எரிந்தன. இரண்டு நாள் கழித்து உள்துறை அமைச்சர் முகைதீன் யாசின் போலீஸ் விசாரணையின் முடிவைச் சொன்னார். வந்தவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். நில உரிமை நிறுவனத்தின் வழக்கறிஞர் தரப்பு அதற்காக 150,000 வெள்ளி கொடுத்திருக்கிறது. இது இனக் கலவரம் அன்று, குற்றச் செயல் என்பது அவர் கூற்று. மதமும் இல்லை, இனமும் இல்லை. ஒரு துண்டு நிலமும், இரவு வேலைக்குக் கூலியும்! கூலிக்காகக் கம்பெடுத்து வந்தவனும் ஏழை. அவனை எதிர்த்து ஓடி வந்தவனும் ஏழை. தோட்டத்தில் வேலை நிறுத்தம் என்றால் வெளியாட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கிய காலத்தைக் கண்டவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று.

ஆனால் செய்தி தெளிவதற்குள் கேடு நடந்து முடிந்துவிட்டது. மறுநாள் 27-ஆம் தேதி அதிகாலை, எரியும் வாகனங்களை அணைக்கவும் காயம்பட்டவர்களுக்கு உதவவும் வந்த தீயணைப்புப் படையைச் சேர்ந்த முகமட் அடிப் முகமட் காசிம் என்ற 24 வயது வாலிபர் மார்பில் பலத்த காயமுற்றார். டிசம்பர் 17-ஆம் தேதி தேசிய இருதய மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. சம்பளத்துக்குத் தீயணைக்கும் தொழிலாளி. அவரும் நம் வர்க்கத்தவரே என்று சொல்ல இப்பத்திரிகைக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அவர் எப்படிக் காயம்பட்டார்? இந்த ஒரு கேள்விக்கு நாட்டில் இரண்டு விடைகள் எழுந்தன. வேனிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள் என்பது ஒன்று. பின்னால் எடுத்த தீயணைப்பு வண்டி மோதியதில், வேனின் கதவுக்கு இடையே சிக்கி நசுங்கினார் என்பது மற்றொன்று. இதில் விந்தை யாதெனில், ஒருவர் எந்த விடையை நம்புகிறார் என்பதை அவருடைய பெயரைக் கேட்டவுடனே சொல்லிவிடலாம் என்ற நிலை வந்தது! சாட்சியைப் பார்த்தவர் இல்லை, சடலத்தை ஆராய்ந்தவர் இல்லை. இனத்தைப் பார்த்து விடையைத் தேர்ந்துகொண்டார்கள். மரணத்துக்குக் காரணமென்ன என்பது எடை போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம். ஸ்டோரில் பாலை எடை போடும்போது, தூக்கி வந்தவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டு எடை எழுதினால் ஒப்புவீர்களா?

2019 பிப்ரவரி 11-ஆம் தேதி ஷா ஆலமில் மரண விசாரணை தொடங்கிற்று. 30 பேர் சாட்சி சொன்னார்கள். தடயவியல் மருத்துவர்களே ஒருவரோடொருவர் மாறுபட்டார்கள். காயங்கள் வண்டி மோதியதற்குப் பொருந்தும் என்ற சாட்சியமும் வந்தது. இழுத்து அடித்ததற்குப் பொருந்தும் என்ற சாட்சியமும் வந்தது. எல்லாவற்றையும் கேட்ட நீதிபதி ரோஃபியா முகமட் செப்டம்பர் 27-ஆம் தேதி தீர்ப்பு கூறினார்: மரணத்துக்குக் காரணம், அடையாளம் தெரியாத இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ செய்த குற்றச் செயல்.

நம்மவரில் பலருக்கு இத்தீர்ப்பு கசக்கிறது. "வண்டிதான் மோதியது, மறைத்துவிட்டார்கள், எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது" என்று மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்சிலும் தேநீர்க் கடைகளில் இன்றும் கேட்கிறோம். கூறுபவரிடம் ஆதாரம் கேட்டால், "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்பார். தெரியாது, ஐயா! உமக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக ஒரு நீதிமன்றம் மாதக்கணக்கில் உட்கார்ந்தது; இரு தரப்புச் சாட்சியையும் கேட்டது; ஒரு முடிவுக்கு வந்தது. அதை மறுக்க வேண்டுமானால் மேல் நீதிமன்றம் இருக்கிறது. நமக்குப் பிடிக்கும் தீர்ப்பு வந்தால் நீதி, பிடிக்காத தீர்ப்பு வந்தால் சதி என்று வைத்துக்கொண்டால், நாளை நமக்கு நீதி கேட்கும்போது நம் சொல்லுக்கு மதிப்பிராது.

அதே தீர்ப்பை எதிர்ப்புறத்தில் எப்படித் திரித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடையாளம் தெரியாத இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ என்றுதான் நீதிபதி சொன்னார். ஓர் இனம் என்றோ, ஒரு சமயத்தார் என்றோ, கோயிலுக்கு வந்த பக்தர் யாவரும் என்றோ சொல்லவில்லை. தீர்ப்பில் இல்லாத சொல்லைத் தீர்ப்பின் பெயரால் பேசுவதும் வதந்தியே. சடலம் அடக்கம் ஆகும் முன்னரே அடித்துக் கொன்றார்கள் என்றும், அடிக்கவே இல்லை என்றும் ஆளுக்கொன்று சொன்ன பெரிய மனிதர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், விசாரணைக்கு முன்பே நாடு இரண்டாகப் பிரிந்திருக்காது. மைக்கைக் கண்டால் பேசாமலிருக்கத் தெரியாதவர்களை அமைச்சராக்குவதில் இந்த அபாயம் எப்போதும் உண்டு.

இதுவரை சொன்னது பாதி. மறு பாதியைச் சொல்லாமல் விட்டால் இப்பத்திரிகை போலீஸ் இலாகாவின் அறிக்கைத் தாளாகிவிடும்.

நம் மக்கள் ஏன் போலீஸ் சொல்வதை நம்புவதில்லை? மூடத்தனத்தினால் மட்டுமா? சீபீல்டு கோயிலுக்குச் சற்றுத் தூரத்தில், அதே யூ.எஸ்.ஜே. வட்டாரத்தில், தைப்பான் போலீஸ் நிலையத்தில் 2009 ஜனவரி 20-ஆம் தேதி ஆ. குகன் என்ற 22 வயது வாலிபர் இறந்தார். கார் திருட்டுச் சந்தேகத்தில் சில நாட்களுக்கு முன் பிடிக்கப்பட்டவர். தண்ணீர் கேட்டுக் குடித்தார், மயங்கி விழுந்தார் என்று சொல்லப்பட்டது. நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேத பரிசோதனை. குடும்பத்தார் சடலத்தைப் பார்த்தார்கள். முதுகெல்லாம் வரி வரியாக இருந்தது. இரண்டாவது பரிசோதனை வேண்டும் என்று போராடி, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அதை நடத்த வைத்தார்கள். 45 வகையான வெளிக்காயங்கள் பதிவாயின. அடியினால் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது இரண்டாவது அறிக்கை. 2013 ஜூன் மாதம் உயர் நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம், அரசாங்கமும் போலீசும் குகனின் தாயாருக்கு 801,700 வெள்ளி நஷ்டஈடு தர வேண்டுமென்று தீர்ப்பளித்தார்.

அந்தத் தாயும் உறவினரும் முதல் அறிக்கையை நம்பிச் சும்மா இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? "நுரையீரலில் நீர்" என்பதே இன்றுவரை உண்மையாக இருந்திருக்கும். அவர்கள் சந்தேகப்பட்டது நியாயம். ஆனால் சந்தேகப்பட்டுவிட்டு அவர்கள் செய்தது என்ன என்பதைக் கவனியுங்கள். நிலையத்தைக் கொளுத்தவில்லை. இன்னொரு மருத்துவரைக் கேட்டார்கள், புகைப்படம் எடுத்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள், நாலரை ஆண்டு விடாமல் பிடித்தார்கள். சதி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்கு வேலை அதோடு முடிந்தது. சந்தேகத்தை எழுத்தில் கொண்டுவருகிறவனுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குகன் விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்ற போலீஸ்காரர் ஒரே ஒருவர். அவரும் தமிழ்ப் பெயர் கொண்டவரே. "நம் இனத்தை ஒழிக்க மேலிருந்து போட்ட திட்டம்" என்ற பேச்சு இதனால் இடிபடுகிறது. அதே வேளையில், 45 வகைக் காயத்தை ஒரே ஆள் உண்டாக்கினாரா, மற்றவர்கள் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இரகசியத் திட்டம் என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றாது. பூட்டிய அறை, எழுதாத டைரி, மேலதிகாரியின் கண்மூடித்தனம், ஏழைக்கு வழக்கறிஞர் இல்லாமை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் எங்கே திருத்துவது என்பது புலப்படும். கள்ளக் கணக்கு எழுதும் தோட்டத்தில் "துரைக்கு நம்மைக் கண்டாலே ஆகாது" என்று முணுமுணுப்பவனால் ஒரு சல்லி மீளாது. எந்த நாள், எந்த நிரை, எத்தனை ராத்தல் என்று கேட்டவனால்தான் மீண்டது.

அரசாங்க அறிக்கையே பொய்யாக இருந்த கதை இந்த நாட்டுத் தோட்டங்களுக்குப் பழையது. 1948 டிசம்பரில் உலு சிலாங்கூர் பத்தாங் காலியில் சுங்கை ரெமோக் தோட்டத்தில், கையில் ஆயுதமில்லாத 24 சீன ஆடவரைப் பிரிட்டிஷ் இராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்றது அரசாங்கம். சுற்று வட்டாரத்தில் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள். அது வதந்தி எனப்பட்டது. 1970-இல் அந்தப் படையிலிருந்த சிலர், ஓடவில்லை, நிறுத்திச் சுட்டோம் என்று லண்டன் பத்திரிகைக்குச் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார்கள். தொடங்கிய விசாரணை அவ்வாண்டே ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. 2015 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது, இனிப் பொது விசாரணைக்கு அரசாங்கத்தை நிர்ப்பந்திக்க இயலாது என்று கூறிவிட்டது. பிரேதங்கள் கிடந்த வாரத்திலேயே ஒழுங்கான விசாரணை நடந்திருந்தால், 67 ஆண்டு கழித்துக் கிழவிகள் கப்பலேறாத வழக்காடியிருக்க வேண்டாம்.

விசாரணை நடக்காத இடத்தில் என்ன முளைக்கும் என்பதற்குக் கம்போங் மேடான் சாட்சி. 2001 மார்ச்சில் பழைய கிள்ளான் சாலை ஓரத்தில் அந்தக் குடியிருப்புகளில் நடந்த தாக்குதல்களில் ஆறு பேர் மாண்டனர். ஐவர் இந்தியர், ஒருவர் இந்தோனேசியர். தோட்டம் துண்டாடப்பட்டபின் பிழைப்புத் தேடிவந்த குடும்பங்கள் அங்கே நிறைய இருந்தன. ஒரு கல்யாணக் கொட்டகையும் ஒரு சாவு வீடும் அடுத்தடுத்து இருந்ததில் எழுந்த சச்சரவு, வாய்க்கு வாய் பெருத்துப் படையாயிற்று. பகிரங்க விசாரணை வேண்டுமென்று கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பின்னர் அதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட ஒரு நூலையும் அரசாங்கம் தடை செய்தது. பலன் என்ன? இன்று அச்சம்பவத்தைப் பற்றி பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் கதை வருகிறது. பத்தில் எது மெய் என்று சொல்ல ஓர் ஏடு இல்லை. மண்ணைத் தள்ளி மூடினால் செத்துப் போகும் என்று நினைக்கிறார்கள். ரப்பர் விதையையும் மண்ணைத் தள்ளித்தான் மூடுகிறோம்.

ஆகவே அரசாங்கத்துக்கு நாம் சொல்வது ஒன்று, தொழிலாளிக்குச் சொல்வது ஒன்று.

போலீசாரின் நடத்தையை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி டைடீன் அப்துல்லா தலைமையில் அமைந்த அரச விசாரணைக் கமிஷன் 2005-இல் அறிக்கை தந்தது. 125 பரிந்துரைகள். போலீஸ் மீதான புகார்களைத் தனியாக விசாரித்து, தானே தண்டிக்கும் அதிகாரமும் உள்ள ஒரு சுதந்திர ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. பதினேழு ஆண்டு இழுத்தடித்து 2022-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. 2023 ஜூலை 1 முதல் ஓர் ஆணையமும் வந்தது. ஆனால் கமிஷன் கேட்டது இதுவன்று. புதிய ஆணையம் தானே தண்டிக்க இயலாது. கண்டதை எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். லாக்கப்பைப் பார்வையிடப் போவதானால் முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். லேபர் ஆபீசர் வருகிறார் என்று முதல் நாளே தெரிந்தால் தோட்டத்தில் லயம் எப்படி வெள்ளையடித்து மணக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த விதியை நீக்க வேண்டும். தடுப்புக் காவலில் யார் இறந்தாலும், குடும்பம் கேட்கும் முன்னரே பகிரங்க மரண விசாரணை தொடங்க வேண்டும். இறந்தவர் போலீஸ்காரராயினும் தீயணைப்பு வீரராயினும் கைதியாயினும் அதே வேகம் வேண்டும். 2021 ஏப்ரல் 18-ஆம் தேதி செலாயாங் மருத்துவமனையில் இறந்த பால் வியாபாரி அ. கணபதி, அதற்கு முன் கோம்பாக்கில் போலீஸ் காவலில் இருந்தவர். அவர் விஷயத்திலும் முதலில் வீதியில் குரல் எழும்ப வேண்டியிருந்தது. வீதியில் குரல் எழுந்தால்தான் கதவு திறக்கும் என்ற பழக்கத்தை அரசாங்கமே மக்களுக்குக் கற்பிக்கிறது. பிறகு மக்கள் வீதிக்கு வருகிறார்கள் என்று குறைப்படுகிறது.

கதவைத் திறந்து வைத்துப் பேசினால் காரியம் வேறு விதமாகப் போகும் என்பதற்கு மஸ்ஜித் இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. அங்குள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் நூறாண்டுக்கு மேற்பட்டது. அது நின்ற நிலத்தை மாநகராட்சி 2014-இல் ஒரு துணி வணிக நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அங்கே மசூதி எழப் போகிறது என்ற செய்தி 2025 மார்ச்சில் வெளியானதும் இன்னொரு சீபீல்டு வரப்போகிறது என்று எங்கும் அச்சம். தொலைபேசியில் வந்த தூண்டுதல்களுக்குக் கணக்கில்லை. மாநகராட்சியும் நிறுவனமும் கோயில் நிர்வாகமும் பகிரங்கமாகப் பேசி, சற்றுத் தொலைவில் மாற்று நிலம் என்று உடன்பாட்டுக்கு வந்தனர். 27-ஆம் தேதி மசூதிக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஒரு தலை உடையவில்லை. முடிவு யாவருக்கும் திருப்தி என்று நாம் சொல்ல வரவில்லை. கோயில் நிற்கும் மண்ணை அதன் பக்தர்களிடம் ஒரு சொல் கேளாமல் விற்றது முதலாவது தவறு என்றே கருதுகிறோம். தோட்டமாயினும் பட்டணமாயினும் உழைத்தவன் கட்டிய கோயிலுக்குப் பட்டா இல்லாமல் போன கதை ஒன்றேதான். ஆயினும் தமிழில் குத்பா ஓதப்படும் இந்திய மசூதி 1863 முதல் அந்தத் தெருவில் நிற்கிறது. அதன் வாசலில் பூக்கட்டி விற்பவரும் வாங்குபவரும் யார் என்று பார்த்தவர்கள், அந்தத் தெருவில் ஒருவருக்கொருவர் விரோதி என்ற கதையை எளிதில் நம்ப மாட்டார்கள்.

தொழிலாளத் தோழர்களுக்கு இனிச் சொல்வது. பிடிபட்டவனுக்கு ஏன் பிடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமையும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையும் அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவில் இருக்கின்றன. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமானால் முதலில் 4 நாளும் அடுத்து 3 நாளும்தான் காவலை நீட்டலாம். அதற்கு மேற்பட்ட பெருங்குற்றமானால் ஏழும் ஏழும். சாதாரணக் குற்றங்களுக்கு இதுவே சட்டம். சொஸ்மா, பொக்கா போன்ற தனிச் சட்டங்களில் பிடித்தால் கணக்கு வேறு, காவலும் நீளும். எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள் என்பதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டியது அதனால்தான். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் நடக்கிறது. ரிமாண்டு கேட்கும் இடத்திலேயே அதன் வழக்கறிஞர் வரலாம்.

கிராணிமார்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். செக்ரோலில் பேர் விடுபட்டால் எத்தனை சிரமம் என்பது உங்களுக்குத் தெரியும். தோட்டத்து ஆள் ஒருவரைப் போலீஸ் அழைத்துச் சென்றால், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நிலையம், அழைத்துச் சென்றவரின் பெயரும் எண்ணும், அப்போது அவர் உடம்பு எப்படி இருந்தது, உடன் பார்த்தவர் யார் என்று அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விடாதீர்கள். குடும்பத்தார் எழுதத் தெரியாதவராக இருந்தால் புகார் எழுதிக் கொடுங்கள். புகாரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மரண விசாரணையில் ஒரு மாஜிஸ்திரேட்டின் முன் நிற்கக்கூடியது அந்தத் தாள்தான். தேநீர்க் கடைப் பேச்சு அங்கே ஏறாது.

தொலைபேசியில் வரும் குரல்களைப் பற்றி ஒரு வார்த்தை. "இதை உடனே பத்துப் பேருக்கு அனுப்பு" என்று முடியும் எந்தச் செய்தியையும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவர் மாமாவாயினும் மச்சானாயினும், அவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியில் பெரும்பாலும் ஆள் மறைந்துபோவார். பொய்ச் செய்தி பரப்பிக் கலகம் மூட்டினால் தண்டனைச் சட்டம் 505-ஆவது பிரிவும், 1998-ஆம் ஆண்டுத் தொடர்புச் சட்டத்தின் 233-ஆவது பிரிவும் காத்திருக்கின்றன. அவை பெரும்பாலும் பிடிப்பது கிளப்பியவரை அன்று, கடைசியாக அனுப்பிய அப்பாவியை. கோயிலில், பள்ளியில், லயத்தில் ஏதோ நடக்கிறது என்று நள்ளிரவில் அழைப்பு வந்தால், கம்போடு புறப்படும் முன் கிளைச் செயலாளரை எழுப்புங்கள். அவர் தூக்கம் கெட்டால் பரவாயில்லை, அதற்குத்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

மரண விசாரணைத் தீர்ப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. அவற்றைத் தமிழில் சுருக்கிக் கிளைக் கூட்டங்களில் படிக்க ஒழுங்கு செய்ய வேண்டும் என்று சங்கத்தின் நிர்வாகக் குழுவை இப்பத்திரிகை கேட்டுக்கொள்கிறது. முதலாவதாக அடிப் பற்றிய தீர்ப்பையே படிக்கலாம். அதைக் கேட்டு மனம் கசப்பவர்கள் இருப்பார்கள். அவர்களும் உட்கார்ந்து முழுவதையும் கேட்கட்டும். மரண விசாரணை பொதுவாக எவரும் போய் உட்காரக்கூடிய திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. கிள்ளான் வட்டாரக் கிளைகளுக்கு ஷா ஆலம் தூரமன்று. இனி அங்கே ஒரு விசாரணை தொடங்கும்போது, கிளைக்கு இருவர் வீதம் முறை போட்டு, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் வர வேண்டும். போகிறவர்களின் ஒரு நாள் கூலியைக் கிளை நிதியிலிருந்து கொடுக்கலாம்.